சி டிரைவ் நிறைந்துவிட்டதா? இலவசப் பார்ட்டிஷன் மென்பொருள்கள்: ஒப்பீடும் முழு வழிகாட்டியும்

'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவின் பட்டை சிவந்து கிடக்கிறது. பக்கத்திலேயே டி டிரைவ் பாதிக்கு மேல் காலி. வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த கூறு) மாற்றும் மென்பொருளைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். தேடினால் 'சிறந்த 10', 'சிறந்த 15' என்று பட்டியல்கள் வந்து குவியும். பட்டியலை எழுதிய நிறுவனத்தின் மென்பொருளே அதன் முதலிடத்தில் வீற்றிருக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸோடு வரும் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வீட்டு வேலைகளில் முக்கால்வாசியை முடித்துவிடும். ஒரு பார்ட்டிஷனை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த மட்டும் அதற்குத் தெரியாது. வெளி மென்பொருள் வேண்டியது அந்த ஒரு வேலைக்குத்தான். எந்த மென்பொருளாலும் வரும் ஆபத்தைவிட, காப்புப்பிரதி எடுக்காமலும் குறியாக்கத்தை (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டுவது) கவனிக்காமலும் இறங்குவதால் வரும் ஆபத்து பெரிது.

யாருடைய கணினி என்று பாருங்கள்

அலுவலக மடிக்கணினியில் இந்த வேலையே வேண்டாம். அதன் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், சாவி உங்கள் நிறுவனத்தின் கையில் இருக்கும். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் கற்றல் சாதனங்களும் அப்படித்தான். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் திட்டப்படி 2021 இறுதிக்குள் எல்லா உயர்நிலை மாணவர்களுக்கும் சொந்தச் சாதனம் கிடைத்தது. அவற்றில் பள்ளி நிர்வகிக்கும் மென்பொருள் போடப்பட்டிருக்கும். பிள்ளையின் சாதனத்தில் இடம் போதவில்லை என்றால் பள்ளியைக் கேளுங்கள், வட்டைத் தொடாதீர்கள்.

சொந்தக் கணினி என்றாலும் ஒரு கேள்வி பாக்கி: பார்ட்டிஷனை மாற்றத்தான் வேண்டுமா? 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' என்று போய், தற்காலிகக் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் பழைய பதிப்பின் எச்சம் மட்டுமே பல ஜிபி அடைத்துக்கொண்டிருக்கலாம். 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' போன்ற கோப்புறைகளின் 'ப்ராபர்ட்டீஸ்' பகுதியில் 'லொகேஷன்' என்ற தாவல் உண்டு. அங்கே டி டிரைவைக் காட்டிவிட்டால் படங்களும் ஆவணங்களும் அங்கே குடியேறிவிடும். பலருக்குச் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை.

'டி டிரைவில் ஒரு நகல் வைத்திருக்கிறேன், அதனால் பயமில்லை' என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரண்டு கூறுகள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும்.

வட்டின் வரைபடத்தைப் படியுங்கள்

'ஸ்டார்ட்' பொத்தானை வலச்சொடுக்கிட்டு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு வட்டும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். 256 ஜிபி என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டி அங்கே 238 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக: 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், 118 ஜிபி சி, 700 எம்பி அளவில் 'ரெக்கவரி', 119 ஜிபி டி. முதலில் உள்ள ஈஎஃப்ஐதான் கணினியைத் துவக்குகிறது. அதைத் தொட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது. இதே வட்டில் 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிய இன்னொரு பார்ட்டிஷனும் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, வெளி மென்பொருள்கள் காட்டும். 'இது என்ன புதிதாக' என்று திகைத்து அழித்துவிட வேண்டாம்.

இப்போது சி மீது வலச்சொடுக்குங்கள். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கும். டி டிரைவைச் சுருக்கிவிட்டு மறுபடி பார்த்தாலும் மங்கல்தான். காரணம் எளியது: சி விரிய வேண்டுமானால் அதன் வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் காலி இடம் வேண்டும். டி டிரைவைச் சுருக்கினால் அதன் வலக்கோடியில்தான் காலி இடம் பிறக்கும். சிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே டியும் ரெக்கவரியும் நிற்கின்றன. மக்கள் மென்பொருள் தேடி அலைவதெல்லாம் இந்த ஓர் இக்கட்டால்தான்.

ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். விண்டோஸ் துவங்க மறுக்கும் நாளில் பழுதுபார்க்கும் திரை வருவது அங்கிருந்துதான். அது சிறியதாக இருப்பதுகூடத் தொல்லை: 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு, இந்தப் பார்ட்டிஷனில் இடம் போதாத கணினிகளில் ஏறவே மறுத்தது. அதை 250 எம்பி பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது.

டிஸ்க் மேனேஜ்மென்ட் போதுமான இடங்கள்

சியின் வலப்புறம் கறுப்புப் பட்டையாக ஒதுக்கப்படாத இடம் ஏற்கெனவே இருந்தால், 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்து 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு நிமிட வேலை.

ஒரே சி டிரைவ் இருக்கிறது, அதிலிருந்து புதிதாக டி பிரிக்க வேண்டும் என்றால் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எம்பியில் தாருங்கள். 50 ஜிபிக்கு 51200 என்று எழுத வேண்டும். பிறந்த கறுப்புப் பட்டையை வலச்சொடுக்கிட்டு 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் டி தயார். 100 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபி மட்டுமே குறைக்க முடியும் என்று அது அடம்பிடிப்பதுண்டு. நகர்த்த முடியாத அமைப்புக் கோப்பு ஒன்று வட்டின் நடுவில் அமர்ந்திருப்பதே காரணம். உறக்கநிலையையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயன்றால் பல நேரம் இளகிவிடும்.

சிக்கும் டிக்கும் நடுவே ரெக்கவரி இல்லாமல் இரண்டும் ஒட்டியிருந்தால், டியில் உள்ளதை வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, டியை அழித்து, சியை விரித்து, மிச்சத்தில் புது டி உருவாக்கலாம். இதற்கும் வெளி மென்பொருள் வேண்டாம்.

டிஸ்க்பார்ட் என்ற கட்டளைவழிக் கருவியும் விண்டோஸில் உண்டு. அதில் ஒரே சொல்லில் ஒரு வட்டு முழுவதையும் துடைத்துவிடலாம், 'நிச்சயமா' என்று அது கேட்காது. வட்டு எண்ணைத் தவறாகத் தட்டிவிடக்கூடிய யாரும் அதன் பக்கம் போக வேண்டாம், அதாவது நாம் எல்லோருமே.

வெளி மென்பொருள்களில் எது எப்படி

ஜிபார்ட்டெட். முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருள். ஜிஎன்யூ பொது உரிமத்தில் வருவதால் வீட்டிலும் பயன்படுத்தலாம், தேக்காவில் உள்ள உங்கள் கடையின் கணக்குக் கணினியிலும் பயன்படுத்தலாம். எந்த வசதிக்கும் பூட்டுப் போட்டுவிட்டுப் பணம் கேட்காது. விண்டோஸுக்குள் ஓடாது என்பதுதான் இதன் குறையும் நிறையும். தம்ப் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி இயக்க வேண்டும். விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் வட்டைத் தொடுவதால் திறந்த கோப்புகளின் குறுக்கீடு இருக்காது. முகப்பில் அழகு குறைவு. விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள பார்ட்டிஷனின் அளவை இதனால் மாற்ற முடியாது.

மினிடூல் பார்ட்டிஷன் விசார்ட் இலவசப் பதிப்பு. விண்டோஸுக்குள்ளேயே ஓடும். 'எக்ஸ்டெண்ட் பார்ட்டிஷன்' கொடுத்து, எந்த டிரைவிலிருந்து இடம் எடுப்பது என்று காட்டி, பட்டையை இழுத்துவிட்டால் நடுவில் உள்ளதை அதுவே நகர்த்திக்கொள்ளும். தம்ப் டிரைவ், பயாஸ் (கணினியின் துவக்க அமைப்புகள் உள்ள திரை) என்றாலே தயங்குபவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். இயங்குதளத்தைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றும் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசப் பதிப்பின் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதைக் கடை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

ஏஓஎம்இஐ பார்ட்டிஷன் அசிஸ்டன்ட், ஈசியுஎஸ் பார்ட்டிஷன் மாஸ்டர். இவற்றின் இலவசப் பதிப்புகளிலும் அளவு மாற்றுவதும் நகர்த்துவதும் நடக்கும். ஆனால் இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவிலுள்ள வேலி பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருடம் சும்மா கிடைத்த பொத்தானுக்கு இந்த வருடம் பூட்டு இருக்கலாம். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படியுங்கள், கூடவே வேறு எதையாவது நிறுவட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இலவசமும் கட்டணமும் கலந்த இந்த வகை மென்பொருள்கள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு தந்திரம் உண்டு. எல்லா மாற்றங்களையும் திரையில் ஒத்திகை பார்க்க விடும், 'அப்ளை' அழுத்தும்போதுதான் கட்டணம் கேட்கும். அங்கே பதற வேண்டாம். அந்த நேரம் வரை வட்டில் எதுவும் மாறியிருக்காது, மூடிவிட்டு வெளியே வரலாம். தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வரும் பதிவிறக்க இணைப்புகளையும் தவிர்த்துவிட்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே பெரிதும் இல்லை. 2017 முதல் மேக்ஓஎஸ் பயன்படுத்தும் ஏபிஎஃப்எஸ் முறையில், ஒரே கொள்கலத்தில் உள்ள வால்யூம்கள் காலி இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 'டிஸ்க் யுட்டிலிட்டி'யில் வால்யூம் ஒன்றைக் கூட்டினால் போதும், அளவு நிர்ணயிக்க வேண்டியதில்லை.

கை வைக்கும் முன் இரண்டு வேலை

முதலாவது, காப்புப்பிரதி. சிம் லிம் ஸ்குவேரிலோ வேறெங்கோ ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கி, டியில் உள்ளதையும் சியில் உள்ள உங்கள் கோப்புகளையும் நகலெடுங்கள். நகலெடுத்தபின் சில கோப்புகளை அந்த வெளி வட்டிலிருந்தே திறந்து பாருங்கள். வட்டு முழுவதையும் அச்சு அசலாகப் படியெடுக்க ரெஸ்க்யூசில்லா நல்லது. குளோன்சில்லா செய்யும் அதே வேலையைப் பொத்தான்களோடு செய்யும், இரண்டும் இலவசம். பழைய கட்டுரைகள் சிபாரிசு செய்யும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. 2024 தொடக்கத்தோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன.

இரண்டாவது, குறியாக்கம். 'நான் எதையும் பூட்டவில்லையே' என்று பலர் நினைக்கிறார்கள். புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்பதற்குள் பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால், முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்துப் பயனில்லை. பிறகு குறியாக்கத்தை நிறுத்தி, அது முழுதும் விலகும் வரை காத்திருங்கள். ஜிபார்ட்டெட் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு இது கட்டாயம், மற்றவர்களுக்கும் இதுவே நல்லது.

ஜிபார்ட்டெட் வழியாக, படிப்படியாக

1. ஜிபார்ட்டெட் திட்டத்தின் தளத்திலிருந்து 'லைவ்' ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். 64 பிட் கணினிகளுக்கான பதிப்பை எடுங்கள்.

2. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு அதைத் தம்ப் டிரைவில் எழுதுங்கள். அந்த டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும்.

3. மடிக்கணினியை மின்சாரத்தில் செருகுங்கள். வேலை நடுவில் மின்கலம் தீர்ந்தால் பார்ட்டிஷன் பாதி வழியில் நின்றுவிடும். இதில் சமரசமே கிடையாது.

4. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாகப் பாதி உறக்கத்தில் இருக்கும். அப்படி உறங்கும் வட்டை ஜிபார்ட்டெட் தொட மறுக்கும்.

5. தம்ப் டிரைவைச் செருகி, துவக்கப் பட்டியலை வரவழைக்கும் விசையை அழுத்தியபடி கணினியை இயக்குங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து அது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப்பாக இருக்கும். 'செக்யூர் பூட்' தடுத்தால் பயாஸில் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

6. விசைப்பலகை, மொழி, திரை பற்றிக் கேட்கும். எல்லாவற்றுக்கும் 'என்டர்' தட்டினால் போதும்.

7. வலது மேல் மூலையில் வட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயர்கள் லினக்ஸ் பாணியில் குழப்பமாக இருக்கும். அளவை வைத்து அடையாளம் காணுங்கள்: 238 ஜிபி காட்டுவது உங்கள் எஸ்எஸ்டி, சிறியது தம்ப் டிரைவ். வட்டே தெரியவில்லை என்றால் கணினி இன்டெலின் ரெய்டு அமைப்பில் இருக்கலாம். அதைப் பயாஸில் மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகலாம் என்பதால், அங்கேயே நிறுத்திக்கொண்டு மினிடூல் பக்கம் போங்கள்.

8. இங்கே இரண்டு பாதைகள் பிரிகின்றன. டியில் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு மாற்ற வேண்டுமென்றால், டி மீது 'ரீசைஸ்/மூவ்' கொடுத்து அதன் இடது ஓரத்தை வலப்பக்கம் இழுங்கள். முன்னால் விடும் இடம் 40960 என்றால் 40 ஜிபி. டியில் உள்ள தரவு முழுவதையும் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும், சுழலும் பழைய வன்தட்டில் மணிக்கணக்கில் போகும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு பாதை. காப்புப்பிரதிதான் கையில் இருக்கிறதே! டியை அழித்துவிடுங்கள். நகர்த்த வேண்டியது 700 எம்பி ரெக்கவரி மட்டும்தான், ஒரு குவளைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். புது டியைப் பிறகு உருவாக்கிக் கோப்புகளைத் திரும்பப் போடலாம். தரவு நகரும் தூரம் குறையக் குறைய, வழியில் கெடுவதற்கான வாய்ப்பும் குறையும்.

9. எந்தப் பாதையானாலும் அடுத்து ரெக்கவரியைத் தேர்ந்தெடுத்து, அளவை மாற்றாமல் அப்படியே வலப்பக்கம் தள்ளுங்கள். முதல் பாதையில் டியை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டாம் பாதையில் எவ்வளவு இடம் சிக்கு வேண்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துங்கள்.

10. இப்போது சியின் வலது ஓரத்தைப் பிடித்து, ரெக்கவரியைத் தொடும் வரை இழுங்கள். சியின் இடது ஓரம் அசையக் கூடாது.

11. இதுவரை செய்ததெல்லாம் கீழே ஒரு வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வட்டில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. வரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சரியென்றால் பச்சை நிறச் சரிக்குறியை அழுத்துங்கள். அதன்பின் முடியும் வரை கணினியைத் தொடாதீர்கள், மூடியைக்கூடச் சாய்க்க வேண்டாம்.

12. மீண்டும் விண்டோஸில் நுழையும்போது வட்டைச் சோதிக்கத் தொடங்கலாம். தவிர்க்காமல் ஓட விடுங்கள். டியை அழித்திருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்டில் கறுப்புப் பட்டையிலிருந்து புதிதாக உருவாக்கி, அதே 'டி' எழுத்தைக் கொடுங்கள். எழுத்து மாறினால் குறுக்குவழிகளும் கோப்புறை இணைப்புகளும் அறுந்துபோகும். பிறகு 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' என்று போய் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' கொடுத்துப் பாருங்கள். பழுதுபார்க்கும் நீலத் திரையும் அதன் கருவிகளும் வந்தால் நல்லது. கடைசியாகக் குறியாக்கத்தை மறுபடி இயக்குங்கள்.

மினிடூலில் இதே வேலை மூன்று நான்கு சொடுக்கில் முடியும் என்பதால் தனியாக விவரிக்கவில்லை. 'அப்ளை' கொடுத்ததும் பெரும்பாலும் மறுதுவக்கம் கேட்கும், விண்டோஸ் எழும் முன்னரே மாற்றங்களைச் செய்துவிட்டு வரும். காப்புப்பிரதி, குறியாக்கம், மின்சாரம் மூன்றும் இதற்கும் பொருந்தும்.

பழைய கணினியும் எம்பிஆரும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றப் பார்ப்பவர்கள் எம்பிஆர், ஜிபிடி என்ற பெயர்களில் வந்து முட்டுகிறார்கள். வட்டில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகள் இவை. எம்பிஆர் பழைய முறை: 2 டிபிக்கு மேல் எட்டாது, முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான். ஜிபிடியில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன்கள் வரை அனுமதிக்கும். விண்டோஸ் 11 கேட்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு ஜிபிடி வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கட்டணப் பதிப்பு வாங்கச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தரவை அழிக்காமல் மாற்றித் தரும் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவி 2017 முதல் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது, பெயர் எம்பிஆர்2ஜிபிடி. கட்டளைச் சாளரத்தில் ஓடும், முதலில் சோதனை மட்டும் செய்து பார்க்கும் வசதியும் அதில் உண்டு. வட்டில் மூன்று முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். மாற்றியபின் பயாஸில் துவக்க முறையை யுஇஎஃப்ஐ என்று வைக்க மறக்காதீர்கள்.

ஏதாவது கெட்டுப்போனால்

பார்ட்டிஷன் காணாமல் போய்விட்டது, வட்டை 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். புது மென்பொருளைக்கூட அதில் நிறுவக் கூடாது. பார்ட்டிஷன் தொலைந்தது என்றால் பெரும்பாலும் அதன் முகவரிதான் தொலைந்திருக்கும், தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் வட்டைத் துழாவி அந்த முகவரியைக் கண்டுபிடித்துத் தரும். வேறொரு கணினியில் அந்த வட்டை இணைத்து ஓட்டுங்கள். 'அனலைஸ்', பிறகு 'குவிக் சர்ச்' கொடுத்து, கண்டுபிடித்த பார்ட்டிஷனுக்குள் உங்கள் கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அவற்றை முதலில் வேறு வட்டுக்கு நகலெடுங்கள், அதன்பிறகே 'ரைட்' கொடுத்து அட்டவணையைத் திருத்துங்கள். பெயர்கள் தெரியவில்லை என்றாலோ, வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.